சனிக்கிழமை மிஷன் பீக் ஏற்றம்: பாம்பு விஷயத்தில் கவனம்

அனைவருக்கும் வணக்கம்.

மே 16, சனிக்கிழமை காலை 7 மணிக்கு மிஷன் பீக் மலை ஏற, கலிபோர்னியா ஃப்ரீமாண்ட் நகரில் ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் கூடுகிறோம். வெயில் ஏறிவிட்டதால் கிலுகிலுப்பைப் பாம்புகள் (rattlesnake, வாலை ஆட்டிச் சத்தம் போடும் விஷப் பாம்பு) வெளியே வரத் தொடங்கியிருக்கும். போன வருடம் பாதையோரப் பாறையடியில் ஒன்று சுருண்டு கிடந்தது. காய்ந்த புல்லின் நிறமே அதற்கும். நாலடி தூரத்தில் போய் நிற்கும்வரை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. வாலை ஆட்டிச் சத்தமும் போடவில்லை. அதனால் சத்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

1. கணுக்காலை மூடும் ஷூ, நீளமான பேன்ட் கட்டாயம். செருப்பு வேண்டாம்.
2. பாதையை விட்டு இறங்காதீர்கள். குறுக்குவழி கூடவே கூடாது.
3. பாறையில் உட்காரும் முன் சுற்றிலும், அடியிலும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள்.
4. குழந்தைகள் பெரியவர்களுக்கு முன்னால் ஓடக் கூடாது. நாய்க்குக் கயிறு அவசியம்.
5. பாம்பைக் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். போட்டோ வேண்டாம். செத்த பாம்பையும் தொடாதீர்கள், அதுவும் கடிக்கும்.
6. கடித்துவிட்டால் உடனே 911 அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, ஆளை அசையாமல் உட்கார வையுங்கள். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.

அப்புறம், நிழல் குறைவு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

எத்தனை பேர், குழந்தைகளின் வயது என்ன என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.