தாத்தாவின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

தாத்தாவின் காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்தது. வெலிங்டன், அருவங்காடு பக்கமிருந்து தாத்தாவோடு பட்டாளத்தில் இருந்த ஏழு பேர் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் எழுபது தாண்டிய வயது. தூக்கும் நேரத்தில் ஒருவர் மெட்ராஸ் ரெஜிமென்டின் போர் முழக்கத்தை, "வீர மதராசி" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "அடி கொல்லு, அடி கொல்லு" என்றார்கள். அதுவரை கல்லாக நின்ற உன் அப்பா அங்கேதான் உடைந்தார்.

கடைசியாக முகம் பார்க்க முடியவில்லையே என்று நீ தூங்காமல் கிடப்பதாக மருமகள் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்த கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். 1966-ல் ரெஜிமென்டில் சேர்ந்ததிலிருந்து அவரோடு வந்த பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்டில் எழுதிய நம்பர் இன்னும் அழியவில்லை. உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பிராசோ டப்பா, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த இரண்டு தந்திகள்.

ஒன்று உன் அப்பா பிறந்த செய்தி, 1971. அப்போது தாத்தா பாகிஸ்தான் சண்டையில், ஷகர்கட் பக்கம், பசந்தர் ஆற்றங்கரையில். வழியெல்லாம் கண்ணிவெடி. டிசம்பர் 17 ராத்திரி சண்டை நின்ற பிறகுதான் தந்தி கைக்கு வந்ததாம். மற்றது அடுத்த வருடம் வந்தது, அவருடைய அம்மா தவறிய செய்தி. சண்டை நின்றும் பிடித்த இடத்தில் படை 1972 கடைசி வரை காவல் இருந்தது. தந்தி போய்ச் சேர்ந்தபோது இங்கே எல்லாம் முடிந்து ஐந்து நாள்.

ஒருமுறை திண்ணையில் மலைப்பூண்டு உரித்துக்கொண்டே தாத்தா என்னிடம் சொன்னார்: "எங்க அம்மா கோவிச்சிருக்க மாட்டாம்மா. புள்ள எங்க நிக்கிறான்னு அவளுக்குத் தெரியும்." உரித்த பூண்டையே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். போன மாதம் உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "தம்பி வேலையில இருப்பான், பதற வைக்காதே" என்று தடுத்துவிட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். உன்னை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கவனித்திருக்கிறாயா?

2009 நவம்பர் மழை உனக்கு நினைவிருக்கும். நீ நாலாம் வகுப்பு. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மேல்வீட்டுத் தடுப்புச்சுவர் விரிகிற சத்தம் முதலில் அவர் காதில்தான் விழுந்தது. வரிசை வீடுகள் அத்தனையும் தட்டி எழுப்பி, கொடிக்கயிறுகளை முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு பிடி பிடிக்க வைத்து, அந்த இருட்டில் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப் போனார். நீ அவர் முதுகில், பட்டாளக் கம்பளிக்குள். நடுவழியில் ஒரு இடத்தில் நின்று, "எண்ணிச் சொல்லுங்க" என்று அதட்டினார். பத்தொன்பது பேர். எல்லாரும் இருந்தோம். அவருக்கு அப்போது அறுபத்தொன்று. மறுநாள் வந்து பார்த்தால் நம் சமையலறைக்குள் இடுப்பளவு சேறு.

அந்தக் கம்பளியும் பெட்டியில்தான் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது. இரண்டு நாள் வெயிலில் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன். மே மாதம் வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அம்மா