மாணவிகள் மலசலகூடமும் அறக்கட்டளைக் காசும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். சிறுபோக வெட்டு முடிந்து கொஞ்சம் ஆறி இருக்கிற நேரத்தில் இவ்வளவு நீளமான கடிதத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து விடுகிறேன். குறை நினைக்க வேண்டாம். இரண்டு கிழமையாகச் சந்தியிலும் சங்கக் கடையிலும் கோயில் வாசலிலும் ஒரு கதை ஓடுகிறது: "பள்ளிக்கூடத்துக்குப் பெரிய காசு வந்திருக்காம், அதிபர் வாய் திறக்கிறார் இல்லை." காசு எதுவும் வரவில்லை. விண்ணப்பம்தான் போடப் போகிறோம். நான் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம், எனக்கே முழு விபரம் சென்ற செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது.

சமூக அறக்கட்டளை ஒன்று எங்கள் பகுதிப் பாடசாலைகள், முன்பள்ளிகள், மாதர் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஆகியவற்றிடம் சிறு நிதிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறது. ஒரு பாடசாலைக்கு ஆகக் கூடியது 6 இலட்சம் ரூபா. இதைக் கேட்டதும் சிலர் வீட்டுக்கு வீடு ஏதோ தரப் போகிறார்கள் என்று நினைத்து, குடும்ப அட்டைப் பிரதியோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. 2009க்குப் பிறகு நாங்கள் நிரப்பாத படிவமா? செட்டிகுளம் முகாமில் தொடங்கி, தறப்பாளுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, கோழிக்குஞ்சுக்கு ஒன்று, கிணறு இறைக்க ஒன்று என்று கையெழுத்துப் போட்டே விரல் தேய்ந்த சனம் நாங்கள்.

இது வேறு வகை. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் ஒரு திட்டத்தோடு வந்து, திட்டம் முடிந்ததும் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போகிற கதை இல்லை. ஊரில் இருப்பவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட காசு ஒரே இடத்தில் சேர்ந்து, வங்கியில் நிலையான வைப்பாகக் கிடக்கிறது. முதல் தொகையில் கை வைப்பதில்லை. வட்டியை மட்டும் வருடா வருடம் பிரித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் அம்மம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டு வைப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். பானை பெரியது, சேர்த்தவர்கள் பலர், அவ்வளவே.

வட்டியை எதற்குக் கொடுப்பது என்பதுதான் இந்த முறையின் முக்கியமான இடம். அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயி என்ற நகரத்தில் ஒரு காலம் மேயராக இருந்த பிரையன் முலன்ஃபி 1851 இல் இறந்தார். தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த நகரத்துக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார். நல்ல மனம். அந்த நாளில் மாட்டு வண்டியில் வந்து அந்தரித்து நின்றவர்கள் ஏராளம். ஆனால் பிறகு ரயில் வந்தது, குடியேற்றமும் ஓய்ந்தது. காசு இருக்கிறது, அதை வாங்க வண்டிக்காரர் இல்லை. வேறு தேவைக்கு எடுக்க உயில் விடாது. இறந்தவரின் கை இருப்பவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று இப்படியான உயில்களைப் பற்றிக் குறைப்பட்டவர்தான் பிரெடெரிக் கோஃப். கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரு வங்கி நிறுவனத்தின் தலைவர். பலருடைய காசை ஒன்றாக வைத்து, அந்தந்தக் காலத்துக்கு ஊருக்கு எது தேவையோ அதற்கு ஊரறிந்த ஒரு குழு பார்த்துக் கொடுக்கட்டும் என்று 1914 இல் அவர் தொடங்கியதுதான் உலகத்தின் முதல் சமூக அறக்கட்டளை. மற்ற நாடுகளில் இருப்பவை அதைப் பார்த்து வந்தவை.

கிளீவ்லண்டுக்கு ஏன் போகிறார் அதிபர் என்று கேட்பீர்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லைதான். எங்கள் பிரதான மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையைப் பாருங்கள். உள்ளே நீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. தந்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் தந்தார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கும், ஒரு மாதம் விட்டால் கரண்டியால் சுரண்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்கள். இரண்டு வருடம் வடிவாக ஓடியது. பிறகு உள்ளே இருக்கிற வடிகட்டி அடைபட்டது. புது வடிகட்டி வாங்க நாங்கள் கேட்டபோது, "எங்கள் நிதி இயந்திரம் வாங்குவதற்கு மட்டும்தான்" என்று பதில் வந்தது. பாடசாலையிடமும் அந்த நேரம் காசு இல்லை. இன்று இயந்திரத்தின் மேல் பல்லி முட்டை. வாசலில் பதித்த கருங்கல் மட்டும் நேற்றுப் பதித்தது போலப் பளபளக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

சரி, இந்த முறை எதைக் கேட்பது?

பழைய மாணவர்கள் சிலர் வாசலுக்கு வளைவு ஒன்று வேண்டும் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு அண்ணர் இரவு பதினொரு மணிக்கு அழைத்து, மிச்சக் காசைத் தான் போடுவதாகவும் வளைவில் தகப்பனாரின் பெயர் வர வேண்டும் என்றும் சொன்னார். அவர் இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செய்தவற்றை நான் மறக்கவில்லை. பெற்றோர் சிலர் திறன் பலகை கேட்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தைச் சமப்படுத்தக் கேட்கிறார். எல்லாம் நியாயம்தான். ஆனால் நான் கேட்கப் போவது மாணவிகளுக்கு மூன்று மலசலகூடங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவில் இதற்காக நான் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கதைத்தேன். அதற்கு வருத்தம் தெரிவித்தும் விட்டேன், முடிவை மாற்றவில்லை.

காரணத்தைத் திறந்து எழுதுகிறேன். தரம் 6 முதல் 11 வரை எங்களிடம் 61 மாணவிகள். அவர்களுக்கு இருப்பது இரண்டு மலசலகூடம், அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் சீலை கட்டியிருக்கிறது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று சீலையைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் வாளியில் அள்ளிக் கொண்டு போக வேண்டும். வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்து வகுப்பாசிரியையும் நானும் பார்த்தோம். பெரிய பிள்ளைகள் பலர் மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் தொடர்ச்சியாக வராமல் நிற்கிறார்கள். தாய்மாருக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. தந்தைமாரும் இதைப் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடைத் துணி 1993 முதல் இலவசம், எல்லாம் இருந்தும் பிள்ளை ஒரு கதவு இல்லாததால் வீட்டில் நிற்கிறாள். அரசாங்க நிதிக்கும் கோரிக்கை கொடுத்திருக்கிறோம். வரிசை நீளம்.

கட்டும் இடம் பற்றி ஒரு கேள்வி வந்தது. பழைய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கட்டினால் குழாய் மிச்சம் என்று மேசன் வேலை செய்கிற பெற்றோர் ஒருவர் சொன்னார். 2018 மார்கழி வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். இரணைமடுக் குளம் வான் பாய்ந்த அந்த இரண்டு நாளில் பழைய மலசலகூடக் குழி நிரம்பி முற்றத்துக்கு வந்தது. துப்புரவாக்கிப் பள்ளிக்கூடம் திறக்க நாங்கள் பட்ட பாடு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அதனால் புதியது வேம்புக்கு அப்பால் மேட்டில்தான், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி. குழாய்க்குக் கூடச் செலவாகும், ஆகட்டும்.

இனிக் கணக்கு. மொத்த மதிப்பீடு 750,000 ரூபா. அறக்கட்டளை தருவது 600,000. மிச்சம் 150,000, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, எங்கள் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயப்பட வேண்டாம், இதைக் காசாகத் தரத் தேவையில்லை, உங்களிடம் யாரும் காசு கேட்டு வரமாட்டார்கள். அப்படி யாராவது பாடசாலையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் உடனே எனக்குத் தெரியப்படுத்துங்கள். சிரமதானத்தையும் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் 2,500 ரூபா என்று போட்டால், 40 ஆள் நாளுக்கு 100,000. குழி வெட்டுவது, கல் அடுக்குவது, சாந்து குழைப்பது இதற்குள் அடங்கும். மிச்சம் 50,000க்கு மணலும் கல்லும் ஏற்றி இறக்கும் வேலையும். உழவு இயந்திரம் வைத்திருக்கும் இரண்டு பேர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒன்று மட்டும்: இரவோடு இரவாக ஆற்றில் அள்ளிய மணலைப் பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொண்டு வர வேண்டாம். அனுமதிப்பத்திரமும் சிட்டையும் உள்ள மணல்தான் உள்ளே வரும். உங்கள் அன்பு எனக்கு விளங்கும், பொலிசாருக்கு விளங்காது.

சிட்டை என்றதும் என் பிழை ஒன்றையும் சொல்லி விடுகிறேன். சில வருடத்துக்கு முன் வேறொரு பாடசாலையில் நான் இருந்தபோது, ஒரு நிதியில் வேலி அடைத்தோம். காசு இரண்டு கட்டமாக வரும் என்று ஒப்பந்தம். முதல் கட்டம் வந்தது, வேலையும் பாதி நடந்தது. கணக்கு அனுப்பும்போது பார்த்தால், கட்டை ஏற்றி வந்தவர் தந்த சிட்டை ஒரு சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கம். "கட்டை ஏத்தினது" என்று எழுதி ஒரு தொகை, கீழே ஒரு கீறல். திகதி இல்லை, பெயர் இல்லை. காசை அவர் கையில் கொடுத்தது நான், நூறு வீதம் உண்மை. ஆனால் அந்த அட்டையை எந்தக் கணக்காளர் ஏற்பார்? இரண்டாம் கட்டம் வரவில்லை. பாதி வேலியோடு ஒரு வருடம் மாடுகள் வந்து போயின. பிழை என்னுடையது. அதனால்தான் இந்த முறை ஒரு ஆணிக்கும் திகதி போட்ட சிட்டை கேட்கிறேன். கடைக்காரரும் மேசனும் முகம் சுளித்தாலும் கேட்பேன்.

காசு என் கைக்கோ தனி ஒருவர் கைக்கோ வராது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரும். பெரிய பொருட்களுக்கு மூன்று கடையில் விலை எடுத்து ஒப்பிட வேண்டும். கட்டுவதற்கு முன் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதற்கான கடிதம் போய்விட்டது. கிழமைக்கு ஒரு தடவை, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று எழுதி அலுவலக வாசல் பலகையில் ஒட்டுவோம். அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பவர்கள் என்னிடமே கேளுங்கள். சங்கக் கடையில் கேட்டால் அங்கே பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

விண்ணப்பத்தில் நிறையக் கேள்வி இல்லை. என்ன பிரச்சினை, எத்தனை பிள்ளைகள், என்ன செலவு என்பதெல்லாம் ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்துவிட்டோம். என்னை இருத்தி வைத்தது ஒரு கேள்விதான்: இந்தக் காசு முடிந்த பிறகு இதை யார் பராமரிப்பார்கள்? பல்லி முட்டையோடு நிற்கிற அந்த இயந்திரம் கண்ணுக்கு முன்னால் வந்தது. "பாடசாலை பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிவிடலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். அதை நான் எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், உங்களோடு கதைத்து நிரப்புவதற்கு.

என் யோசனை இது. மாதத்துக்குச் சவர்க்காரம், பினாயில், எப்போதாவது ஒரு குழாய்த் திருகி, வருடத்தில் ஒரு பூட்டு. பெரிய செலவு இல்லை. காலபோக அறுவடை முடிந்ததும் விரும்பிய வீடுகள் ஒரு வாளி நெல் தந்தால், சேர்த்து விற்று அந்தக் காசைத் தனியாக வைக்கலாம். வயல் இல்லாதவர்கள் தர வேண்டியதில்லை, தராத பிள்ளையை எந்த ஆசிரியரும் ஒரு பார்வை கூடப் பார்க்க மாட்டார். துப்புரவுக்கு மாதர் சங்கத்திலிருந்து ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு கொடுப்பதா, பெற்றோர் முறை வைத்துச் செய்வதா என்பதைத் தாய்மார் தீர்மானிக்கட்டும். பிள்ளைகளைக் கொண்டு மலசலகூடம் கழுவுவிப்பதற்கு நான் உடன்பட மாட்டேன், அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வளைவுக்காரர்களுக்கும் ஒரு சொல். இந்த அறக்கட்டளை கல்வெட்டுக்குக் காசு தருவதில்லை, யார் பெயரும் பொறிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. வெளிநாட்டு அண்ணருக்கு இன்று காலை குரல் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறேன். வளைவுக்குப் பதிலாக நீர் இயந்திரத்தின் வடிகட்டியைத் தகப்பனாரின் நினைவாக வருடா வருடம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் 2.30க்குப் பிரதான மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். தாய்மார் கட்டாயம் வாருங்கள், இந்த விசயத்தில் உங்கள் வாயால் வருவதைத்தான் விண்ணப்பத்தில் எழுத விரும்புகிறேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், தரம் 1 வகுப்பறை திறந்திருக்கும். விண்ணப்ப முடிவு திகதி அடுத்த புதன்கிழமை. கிடைத்தால் ஐப்பசி மழை பிடிக்க முன் குழி வெட்டி அத்திவாரம் போட்டாக வேண்டும். கிடைக்காவிட்டால் அதையும் எழுதி அறிவிப்பேன், அந்த ஒற்றைக் கதவை மட்டும் எப்படியாவது நாங்களே போடுவோம்.

கீழே உள்ள துண்டைக் கிழித்து, சிரமதானத்துக்கு எத்தனை நாள் வர முடியும் என்று எழுதி, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பிள்ளை மூலம் அனுப்புங்கள். வர முடியாதவர்கள் "முடியாது" என்று எழுதி அனுப்பினாலும் போதும், கணக்குப் போட உதவும்.

இங்ஙனம்,
அதிபர்

பின்குறிப்பு: நீர் இயந்திர அறையின் திறப்பு போன வருட விளையாட்டுப் போட்டியின் பிறகு காணவில்லை. மஞ்சள் நூல் கட்டியது. யாருடைய வீட்டிலாவது ஆணியில் தொங்கினால் பிள்ளையிடம் கொடுத்து விடுங்கள், ஒன்றும் கேட்க மாட்டேன்.