ஒரே வீட்டில் இரண்டு தொண்டைவலிகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அண்மையில் என் மகனுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் தொண்டைவலி கண்டது. நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றே போதும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த முடிவின்படி நடக்கவிடாமல் என்னைத் தடுத்தவர்களுக்கே இம்மடல்.

ஒன்பது வயது மகனைப் பார்த்த மருத்துவருக்கு முதல் நன்றி. தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரசால் வந்து ஒரு வாரத்திற்குள் தாமே அடங்குபவை என்றும், அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது என்றும் விளக்கிய அவர், இவனுக்கு இருமலோ மூக்கொழுகலோ இல்லாமல் காய்ச்சல் அடிப்பதையும், டான்சிலில் வெள்ளை படிந்து கழுத்தில் நெறி கட்டியிருப்பதையும் கண்டு, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதிக்கச் சொன்னார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உறுதியானது. குமட்டி அழுத பிள்ளையைச் சிரிக்கவைத்து மாதிரி எடுத்த செவிலியருக்கும் நன்றி. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டதும், 10 நாளுக்கென அவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்த எண்ணினேன். சரியாகக் குணப்படுத்தாமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பழுதாகக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், 10 நாளும் தவறாமல் கொடுத்து முடித்தேன்.

என் கதை வேறு. மூன்று வாரமாகியும் எனக்கு வலி விடவில்லை, காய்ச்சலும் இல்லை; விடியற்காலையில் தொண்டை எரியும், குரல் கம்மும், பகலில் வகுப்பெடுத்தால் இன்னும் மோசமாகும். இரைப்பை அமிலம் மேலேறுவதும் குரலை ஓயாமல் வருத்துவதும் சேர்ந்த வலி இது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் கண்டறிந்தார். இரவு உண்டு 3 மணி நேரம் கழித்தே படுக்கிறேன். கட்டிலின் தலைமாட்டையும் உயர்த்தியிருக்கிறேன். கிசுகிசுத்துப் பேசுவதும் குரலுக்குச் சுமையே என்பது, குரலைக் காப்பதாக நினைத்து அதையே செய்துவந்த எனக்குப் புதுச் செய்தி.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்கச் சொன்னவர் அடுத்த வீட்டு அம்மா. நோய் அதனால் தீராவிட்டாலும் வலி தணிந்தது. தேனும் இதமளிக்கும், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடவே கூடாது என்றும் சொன்னார். நான்கு நாள் என் வகுப்புகளை ஏற்ற தோழிக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, மகனின் மாத்திரையையே எனக்கும் கேட்டபோது, மருத்துவரைப் பார்க்காமல் தரமுடியாது என்று மறுத்த மருந்தாளுநருக்கு என் நன்றி. அன்று உங்களிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

நன்றியுடன்,
ஓர் ஆசிரியை