மூன்றாம் முறை படித்தபோது

அன்பு மகனுக்கு,

நீ அக்காவுக்கு அனுப்பிய ரெஸ்யூமேயை அவள் எனக்கும் அனுப்பினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். மூன்று முறை படித்தேன். முதல் முறை பெற்றவளாகப் படித்தபோது பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை, 22 ஆண்டுகள் ஆட்சேர்ப்புப் பிரிவில் விண்ணப்பங்களைப் பிரித்தவளாகப் படித்தபோது சில இடங்கள் உறுத்தின. மூன்றாம் முறை படித்ததைப் பிறகு எழுதுகிறேன்.

'வளரும் நிறுவனத்தில் என் திறமைகளைப் பயன்படுத்தி முன்னேற விரும்புகிறேன்' என்ற முதல் வரியை எடுத்துவிடு. எல்லோரும் அதையே எழுதுவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. நீ யார், எந்த வேலையில் எத்தனை ஆண்டுகள் இருந்தாய், எதில் கைதேர்ந்தவன் என்பதை மூன்று வரிகளில் சொன்னால் போதும். அடுத்து, 'கிடங்கு நிர்வாகத்தைக் கவனித்தேன்' என்று எழுதியிருக்கிறாய். கவனித்தேன் என்பது பொறுப்பைச் சொல்கிறதே தவிர, உன்னால் என்ன மாறியது என்பதைச் சொல்லவில்லை. சரக்கு அடுக்கும் முறையை நீ மாற்றிய பிறகு, மாதத்திற்கு 40 தவறான அனுப்புதல்கள் நடந்த இடத்தில் 6 மட்டுமே நடந்தன என்று என்னிடம் எவ்வளவு மகிழ்ச்சியாகச் சொன்னாய்! அந்த எண்கள் நான்கு பக்கங்களில் எங்குமே இல்லை. எண்ணைப் போடு. பழைய வேலைகளைச் சுருக்கினால் இரண்டு பக்கங்களில் அடங்கிவிடும்.

ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடங்களுக்கும் அனுப்புகிறாய் என்று அக்கா சொன்னாள். லியோனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய பாலங்கள், பீரங்கிகள், முற்றுகைக் கருவிகள் என்று போருக்கானவற்றையே அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. கேட்பவருக்கு என்ன தேவை என்பதை உணர்ந்து எழுதியிருக்கிறார். நீயும் ஒவ்வொரு விளம்பரத்தையும் நிதானமாகப் படித்து, அதில் கேட்டிருப்பவற்றில் உனக்கு உண்மையாகத் தெரிந்தவற்றை, அவர்கள் பயன்படுத்திய சொற்களிலேயே முதல் பக்கத்தில் வை. இப்போது பல நிறுவனங்களில் மென்பொருள்தான் விண்ணப்பங்களை முதலில் வாங்கி அடுக்குகிறது. அவர்கள் தேடும் சொல் உன் தாளில் இல்லாவிட்டால், அந்தத் தேடலில் நீ அகப்படாமலே போகலாம். இரண்டு பத்தி அமைப்பும், திறமைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பதும் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் சில மென்பொருள்கள் இடப்பத்தியையும் வலப்பத்தியையும் ஒன்றாகக் கலந்து படித்துவிடும். முழுவதையும் நகலெடுத்து, அலங்காரம் எதுவும் இல்லாத கோப்பு ஒன்றில் ஒட்டிப் பார். வரிசை குலைந்தால் அமைப்பை மாற்று. புகைப்படம், பிறந்த தேதி, திருமண நிலை ஆகியவற்றை அவர்கள் கேட்டிருந்தால் மட்டும் கொடு.

இனி மூன்றாம் முறைக்கு வருகிறேன். மற்ற வேலைகளுக்கெல்லாம் மாதமும் ஆண்டும் போட்டிருக்கும் நீ, கடைசி இரண்டுக்கு மட்டும் ஆண்டை மட்டும் போட்டிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் கணக்குப் போட்டேன். இரண்டுக்கும் நடுவே வேலை இல்லாத பதினான்கு மாதங்கள் வருகின்றன. அந்தப் பதினான்கு மாதங்களிலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் 'வேலை போய்க்கொண்டிருக்கிறது அம்மா' என்றுதான் சொன்னாய். அப்போது என்ன நடந்தது என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவதில்லை. மாதத்தைப் போடு என்று மட்டும் சொல்கிறேன். மறைத்தால் அனுபவமுள்ள கண் முதலில் அங்கேதான் போகும். இடைவெளிக்கு ஒரே வரியில் உண்மையான காரணத்தை எழுது, அந்தக் காலத்தில் எதையாவது கற்றிருந்தால் சேர்த்துக்கொள், நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியங்களில் தலைநிமிர்ந்து சொல்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. விண்ணப்பக் கட்டுகள் வரும் நாள்களில், மாலைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், இடைவெளி தெரிந்த தாள்களை மேற்கொண்டு படிக்காமல் மேசையின் இடப்பக்கம் வைத்துவிடுவேன். அப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருமுறை ஒரு பெண் நேரிலேயே வந்து, இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த தந்தையைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னாள். பட்டியல் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையில் முடியவில்லை. உன் தாளைப் படிக்கும் வரையில் அவளை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வீட்டிலும் 'சும்மா இருந்தவர்கள்' என்று அவர்களைப் பற்றி நான் பேசியதைக் கேட்டுத்தானே நீ வளர்ந்தாய்? அதனால்தான் என்னிடம் சொல்லாமல் இருந்தாயோ என்று இரண்டு நாள்களாக யோசிக்கிறேன். அப்படியென்றால் தவறு உன்னுடையது அல்ல.

திருத்தியதை அக்கா வழியாக அனுப்பாமல் எனக்கே அனுப்பு. மாதத்தைப் போட்டு அனுப்பு. இன்னொன்று: எங்கிருந்தும் அழைப்பே வரவில்லை என்று அவளிடம் வருத்தப்பட்டாயாம். முதல் பக்கத்தில் உன் தொலைபேசி எண்ணில் நடுவே இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. தினமும் அழைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் எண் என்பதால் எனக்கு உடனே தெரிந்தது.

அன்புடன்,
அம்மா