அறிவியல் விழா நடுவர்களுக்கு ஒரு மாமாவோட மடல்

மதிப்புக்குரிய நடுவர் ஐயா, அம்மாக்களே, வணக்கம்.

போன மாசம் கேஎல்ல நடந்த தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுல "தூரத்துப் பாறைக் கிரகத்துல கிருமி வாழுமா"ன்னு மணிலா அட்டையில எழுதி ஒட்டியிருந்த அஞ்சாம் ஆண்டு பிள்ளையோட மாமா நான். பரிசு கிடைக்கலன்னு சண்டைக்கு வரல, சத்தியமா. மார்க் பாரத்துல "முடிவு தெளிவாக இல்லை"ன்னு எழுதி பத்துக்கு ரெண்டு போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இது.

அவ எழுதுன முடிவு: "காத்து இருக்கான்னு தெரியுற வரைக்கும் சொல்ல முடியாது." வீட்டுக்கு வர்றப்போ செந்தூல் ஜாம்ல, "அப்ப நான் ஆமான்னு பொய் எழுதியிருக்கணுமா மாமா?"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல லா.

இதெல்லாம் ஆரம்பிச்சது பேராக் சுங்கை கிளா சுடுதண்ணி ஊத்துல. கூடையில முட்டைய போட்டு வேக வெச்சுக்கிட்டு இருந்தோம், அவ மட்டும் ஓரமா குனிஞ்சு கல்லு மேல பச்சையும் பழுப்புமா வழவழன்னு ஒட்டியிருந்தத காட்டி இது ஏன் வேகலன்னு கேட்டா. நான் லேப்ல வேலை செய்யுறவன், கோவிட் நேரத்துல ராப்பகலா பிசிஆர் டெஸ்ட் ஓட்டுனவன், அந்த டெஸ்ட்டுக்கு உயிரே டிஎன்ஏவ நகலெடுக்குற, சூட்டுலயும் கெடாத டாக் என்சைம்தான், அது அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் சுடுதண்ணியில தாமஸ் பிராக் கண்டுபிடிச்ச பாக்டீரியாவுல இருந்து வந்ததுன்னு சொன்னேன். அவ்வளவுதான், விட மாட்டேன்னுட்டா.

இப்ப உங்கள்ல ஒரு ஐயா கேட்ட கேள்விக்கு வர்றேன். டிராப்பிஸ்ட்-1ங்குற தூரத்து நட்சத்திரத்த சுத்துற சி கிரகத்தோட பகல் பக்கம் கிட்டத்தட்ட 110 டிகிரிதான், பூமியில 122 டிகிரியில பெருகுற கிருமியே இருக்கு, அப்ப அங்கயும் வாழும்னு எழுத வேண்டியதுதானேன்னு கேட்டீங்க. நல்ல கேள்வி ஐயா, ஆனா பாதிதான். நீங்க சொன்ன அந்த 122 டிகிரி கிருமி, பேரு மெத்தனோபைரஸ், கடலடி வெந்நீர் ஊத்துல இருந்து வந்தது, 2008ல அத 122 டிகிரியில வளத்தப்போ சுமார் 200 மடங்கு காத்தழுத்தம் குடுத்தாங்க. எங்க லேப் ஆட்டோகிளேவ் 121 டிகிரிக்குப் போறதும் மூடி இறுக்கமா இருக்குறதாலதான், மூடிய தெறந்தா 100லயே தண்ணி ஆவியாயிடும், நம்ம பிரஷர் குக்கர் கதைதான். கிரகத்துக்கு அந்த மூடி மாதிரி அழுத்தம் குடுக்குறது சுத்தி இருக்குற காத்துதான், டிராப்பிஸ்ட்-1 சியில அது இருக்கான்னே சந்தேகம். கிரகம் நட்சத்திரத்துக்குப் பின்னால மறையுறப்போ அகச்சிவப்பு வெளிச்சம் எவ்வளவு கொறையுதுன்னு ஜேம்ஸ் வெப் விண்வெளி தொலைநோக்கி அளந்தது, வெள்ளி கிரகம் மாதிரி தடிச்ச கார்பன் டைஆக்சைடு காத்து இல்லன்னு 2023ல வந்துடுச்சு. பக்கத்து பி கிரகம் இன்னும் மோசம், பகல் பக்கம் 230 டிகிரி, காத்தே இல்லாத வெறும் பாறை மாதிரிதான் தெரியுது.

ப்ராக்ஸிமாங்குற பக்கத்து நட்சத்திரத்த சுத்துற ப்ராக்ஸிமா பி கிரகத்த "இரண்டாவது பூமி"ன்னு இன்னொரு அம்மா சொன்னாங்க. அது நட்சத்திரத்துக்கு முன்னால கடந்து போறத யாரும் பாக்கல, அதனால அதோட சைஸே தெரியாது, குறைந்தபட்ச நிறை மட்டும்தான் தெரியும். அந்த நட்சத்திரம் வேற அடிக்கடி வெடிச்சு கதிர்வீச்ச வாரி வீசும். டீனோகாக்கஸ்ங்குற பாக்டீரியா தாங்கும்னு சொல்லலாம், கதிர்வீச்ச கிரேங்குற அளவுல அளப்பாங்க, மனுஷன் 5 கிரேல செத்துடுவான், அது 5,000 கிரே தாங்கும். ஆனா ஒடைஞ்ச டிஎன்ஏவ ஒட்டவெக்க அதுக்கும் தண்ணியும் சாப்பாடும் வேணும். தாங்குறது வேற, பெருகுறது வேற. வாட்டர் பேர்ங்குற கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிரி விண்வெளிக்குப் போய் உயிரோட திரும்பிச்சுங்குறதும் அப்படித்தான், அங்க அது சும்மா காஞ்சு கெடந்துச்சு.

பிள்ளை அட்டையில ஒரு ஓரத்துல எத்தியோப்பியா டல்லோல் குட்டைய வரைஞ்சிருந்தா, யாரும் கவனிக்கல போல. அமிலமும் உப்பும் உச்சத்துல இருக்குற அந்தக் குட்டைங்கள்ல தண்ணி இருந்தும் உயிர் இல்லன்னு 2019ல ஒரு ஆய்வுக்குழு சொல்லிச்சு. நம்ம பூமியிலயே அப்படின்னா, நாப்பது ஒளியாண்டு தள்ளி இருக்குற டிராப்பிஸ்ட்-1 கிரகத்துக்கு பதினோரு வயசுப் பிள்ளை எப்படி அடிச்சு சொல்லும்?

மார்க்க மாத்த வேணாம். பாரத்துல "முடிவு"ங்குற கட்டத்துக்குக் கீழ "இன்னும் தெரியவில்லை என்றால், எதைப் பார்த்தால் தெரியும்?"னு ஒரே ஒரு வரி சேருங்க. அடுத்த வருஷமும் இதே தலைப்புதானாம், இந்த தடவ அதே நட்சத்திரத்த சுத்துற இன்னொரு கிரகம், டிராப்பிஸ்ட்-1 இ. புது மணிலா அட்டை வாங்கியாச்சு.

இப்படிக்கு,
செந்தூல்ல இருந்து ஒரு மாமா