சியாமென் போனால் சுவான்சோவை விட்டுவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நவம்பரில் நீயும் மீனாவும் சீனாவின் சியாமென் போகிறீர்கள் என்பது நல்ல சேதி. மாதமும் பொருத்தம்தான்: புயல் சீசன் ஓய்ந்திருக்கும், குளிரும் படுத்தாது. ஆனால் ஐந்து நாளையும் சியாமெனிலேயே கழிப்பதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு நாளைச் சுவான்சோவுக்கு ஒதுக்கு. சோங், யுவான் அரசர்கள் காலத்தில் (10 முதல் 14-ஆம் நூற்றாண்டு) நம் வணிகர்கள் போய்த் தங்கிய துறைமுகம் அது. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ரயிலில் அரை மணிக்குச் சற்றுக் கூடக்குறைய ஆகும். டிக்கெட் போடும்போது இரண்டு இடத்தில் கவனம். குவாங்சோ வேறு ஊர், பெயர் பார்த்து ஏமாறாதே. சுவான்சோவிலும் 'கிழக்கு', 'தெற்கு' என்று புது அதிவேகப் பாதையின் நிலையங்கள் உண்டு. அவை பழைய நகரத்துக்குத் தூரம். திசை எதுவும் ஒட்டாத வெறும் 'சுவான்சோ' நிலையத்துக்கே எடு. சீன ரயில்வேயின் 12306 செயலியில் 15 நாள் முன்னதாக விற்பனை திறக்கும். பாஸ்போர்ட் சரிபார்ப்புக்கு நேரம் பிடிக்கலாம், அதை இங்கிருந்தே முடித்துவிடு. காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போ. வண்டி கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே கதவை அடைத்துவிடுவார்கள். பை சோதனையும் உண்டு. முக்கால் மணி முன்னால் போய்விடு.

பணத்துக்கு அலிபே என்ற சீனச் செயலி. விசா அல்லது மாஸ்டர் கார்டை வீட்டிலிருக்கும்போதே சேர்த்துவிடு. வங்கிச் செயலியில் 'வெளிநாட்டுப் பரிவர்த்தனை' அணைந்திருப்பதுதான் பலருக்கும் சிக்கல். ஓடிபி வரவேண்டும் என்பதால் நம் சிம்மைக் கழற்றிவிடாதே. ஒரு தடவைச் செலவு 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம், கீழே இருந்தால் இல்லை. தெருவோரக் கடைக்காரர் தனிநபர் கணக்கின் க்யூஆர் வைத்திருந்தால் நம் கார்டு எடுக்காமல் போகலாம்; சில்லறை நோட்டாக ஒரு 300 யுவான் கையில் இருக்கட்டும். ரோமிங்கில் வாட்ஸப்பும் கூகுளும் வேலை செய்யும், ஓட்டல் வைஃபையில் செய்யாது. கூகுள் மேப்பில் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அமாப் என்ற சீன வரைபடச் செயலியை வைத்துக்கொள்.

இனி முக்கியமான விஷயம். சுவான்சோவின் காய்யுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். 13-ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள் இரண்டு நிற்கும். கூட்டமெல்லாம் அவற்றின் முன்னால்தான் படம் பிடித்துக்கொண்டிருக்கும். நீ பிரதான மண்டபத்தைச் சுற்றிப் பின்தாழ்வாரத்துக்குப் போ. பதினாறு பட்டையில் இரண்டு கருங்கல் தூண்கள். வட்டச் சட்டங்களுக்குள் சிறு சிறு சிற்பங்கள்: இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், உரலை இழுத்துக்கொண்டு மருத மரங்களுக்கிடையே போகும் கண்ணன். அந்த ஊரில் இருந்து இடிந்துபோன நம் இந்துக் கோயிலிலிருந்து, பிற்கால மிங் அரசர்கள் காலத் திருப்பணியின்போது எடுத்து வைத்தவை. அங்கே நிழல் அதிகம். ஃபிளாஷ் அடித்தால் மெருகேறிய கல்லில் ஒளி தெறித்து ஒன்றும் விழாது. காலையில் பக்கவாட்டிலிருந்து எடு. திரும்பும்போது முன்மேடையின் அடிவரிசையையும் குனிந்து பார். மனிதமுகச் சிங்கங்கள் எழுபதுக்கும் மேல், அவையும் அங்கிருந்து வந்தவையே. பெரும்பாலோர் அதன்மேல் ஏறி நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடல்சார் அருங்காட்சியகத்துக்குத் திங்களன்று போகாதே, விடுமுறை. லிங்கத்துக்குப் பூச்சூட்டும் யானைச் சிற்பத்தைப் பார்த்தால் உனக்குத் திருவானைக்கா ஞாபகம் வரும். சக ஆண்டு 1203, அதாவது 1281, சித்திரை மாதம் என்று தேதி போட்ட தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில் கிடைத்ததுதான். சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலிய அரசரான கானின் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. கடைசி வரி சீன எழுத்து. 1974-இல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் காய்யுவான் கோயில் வளாகத்திலேயே தனிக்கூடத்தில் இருக்கிறது. அடித்தளம் 13 அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். அதன் சரக்கில் மிளகும் இருந்தது.

லோயாங் பாலம் (1053–1059) நேரமிருந்தால் போதும். அஸ்திவாரக் கற்களில் சிப்பி வளர்த்து இறுக வைத்தார்கள். கல் தெரிய வேண்டுமானால் நீர் வற்றும் நேரத்தில் போ. ஏற்றத்தில் வெறும் பாலம்தான்.

மீனா சைவம் என்பதுதான் கொஞ்சம் பாடு. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே ஊற்றுவார்கள். பன்றிக் கொழுப்பு, உலர்ந்த இறால், சிப்பி சாஸ், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சீனத்தில் எழுதிக் காட்ட வேண்டும். கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சீக்கிரம் மூடிவிடுவார்கள். உனக்குச் சிப்பி ஆம்லெட், இஞ்சி வாத்து.

இன்னொன்று: உள்நாட்டு விமானம் ஏறுவதானால் பவர் பேங்கில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இருக்கிறதா பார். 2025 ஜூன் முதல் அது இல்லாததை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விசா விண்ணப்பத்தை உடனே போடு. வழியில் இறங்கித் தங்குவோருக்கான 240 மணி நேர விசா விலக்குப் பட்டியலில் இந்தியா இல்லை. தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
ராமநாதன்