செவ்வாய், புதன், வியாழன்

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் கிடைத்தது. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தே ஆகவேண்டும் என்று மெயில் வந்துவிட்டது, தஞ்சாவூரை விட்டு எப்படி வருவது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் சென்னையில் நம் ஓஎம்ஆர், அதான் பழைய மகாபலிபுரம் ரோடு, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

துரைப்பாக்கத்தில் நம் ஹாஸ்டல் தெருவில் மெஸ் நடத்தினாரே, அந்த அக்காவைப் போன வாரம் பார்த்தேன். 2020 மார்ச்சில் நீயும் நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டோம். நமக்கு மாதாமாதம் சம்பளம் வந்தது. அக்கா வீட்டிலிருந்து என்ன வேலை செய்ய முடியும்? வளையலை அடகு வைத்துத்தான் கடை வாடகை கட்டினாராம்.

இப்போது கூட்டம் திரும்பிவிட்டது, ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மட்டும்தான். திங்களும் வெள்ளியும் பாதிகூடத் தேறாது. முன்பெல்லாம் எத்தனை பேருக்குச் சமைப்பது என்று முந்தின ராத்திரியே அவருக்குத் தெரியும். இப்போது காலையில் எதிர்க் கட்டடத்து செக்யூரிட்டிக்கு போன் போடுகிறார். கம்பெனி பஸ் எத்தனை வந்தது, ஆள் நிறைய இறங்கினார்களா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மதியத்துக்கு அரிசி களைகிறார். சோறு மிஞ்சினால் நஷ்டம். பற்றாமல் போனால் வந்தவர்கள் மறுநாள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். வாடகை மட்டும் மாதம் முழுவதற்கும் கட்டியாக வேண்டும்.

மயிலாப்பூரில் ஆபீஸ்காரர்கள் ஒருவருமே வராவிட்டாலும் மாட வீதியில் காய்கறி விற்கும், கோயிலுக்குக் கூட்டம் வரும். துரைப்பாக்கம், பெருங்குடிப் பக்கம் அப்படி இல்லை. 2000-இல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தபிறகு சிறுசேரி வரை ஐடி கட்டடங்களாக எழும்பின. டீக்கடை, ஷேர் ஆட்டோ, இஸ்திரி வண்டி எல்லாம் அவற்றை நம்பியே பிழைக்கின்றன. ஒரு கம்பெனி விதியை மாற்றினால் ஒரு தெருவே காலியாகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. நாம் எந்த நாள் ஆபீஸ் போவது என்று முடிவு செய்யும்போது இவர்களை யாருமே கேட்பதில்லையே.

ஆபீஸ்காரர்கள் அங்கே செலவழித்த பணம் எங்கே போனது என்றால், எங்கள் நாவலூர் பக்கம் வந்திருக்கிறது. அபார்ட்மெண்ட் வாசலில் இட்லி மாவு, கீரை, டிபன் என்று தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பகலெல்லாம் ஆட்கள் வீட்டிலேயே இருக்கிறார்களே! அக்காவிடமும் இங்கே வந்துவிடுங்கள் என்றேன். பசங்க ஸ்கூல் துரைப்பாக்கத்தில் இருக்கிறதே என்கிறார்.

கம்பெனிகளும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 2025-இல் கால்வாசிப் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று 2020-இல் டிசிஎஸ் சொன்னது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இருக்கும் கம்பெனிகளில் பாதிப் பேர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று 2022 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இதையெல்லாம் நம்பி ஊரில் வீடு கட்டினவர்கள் உன்னைப்போல எத்தனை பேர்! உன்மேல் தப்பே இல்லையடி.

ரோட்டின் நடுவே மெட்ரோ வேலை நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை சுமார் 45 கிலோமீட்டர். இந்த வேலைக்காகத்தான் 2021-இல் பெருங்குடி, துரைப்பாக்கம் உட்பட நாலு டோல்கேட்டில் வசூலை நிறுத்தினார்கள். ரயில் வந்தால் ஸ்டேஷனைச் சுற்றி வீடும் சந்தையும் வரவேண்டும் என்பது என் ஆசை. திரும்பவும் ஆபீஸ் கட்டடமாகவே அடுக்கினால் அக்கா மாதிரி ஆட்களுக்கு மறுபடியும் இதே பாடுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் உங்கள் ஊரிலேயே மினி டைடல் பார்க் திறந்தார்களே, அங்கே கம்பெனி இடம் எடுக்குமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பார். தஞ்சாவூரில் உன்னைப்போல இன்னும் சிலர் இருந்தால் எல்லாரும் சேர்ந்தே கேளுங்கள். முடியாது என்றால் திங்கள் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறு, காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். வியாழன் ராத்திரி அதே வண்டியில் திரும்பலாம். நம் பழைய ஹாஸ்டலில் இப்போது இரண்டு மூன்று ராத்திரிக்கும் கட்டில் தருகிறார்கள், விசாரித்துவிட்டேன். ஆனால் என் வீடு இருக்கும்போது உனக்கு ஹாஸ்டல் எதற்கு? மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது.

மேனேஜர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
மீனா